பீடி குடிக்காத மஸ்தானின் மனைவி

மஸ்தான் மௌத்தாகிப் பதினெட்டாம் நாள் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பூந்தமல்லி டிரங்க் ரோட்டுக்குப் பின்னால் இருந்த அந்த ஒற்றை அறை வீட்டில் சைனம்பு, புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வெளியாட்கள் கண்ணில் படாமல் இருக்கும் இத்தாவில் இருந்தாள், அதனால் தபால்காரர் கூப்பிட்டதற்கு எழுந்து போகவில்லை. மகள் மஹ்ஜபீன்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். உறையைப் பிரித்து, ஆங்கிலத்தில் இருந்ததை முதலில் தனக்குள் படித்தாள். பிறகு இன்னொரு தரம் படித்தாள்.

"இன்னாடி போட்டுகீது?"

"அத்தாவுக்கு வந்தது வேலையால வந்த நோய் இல்லியாம்மா. பல வருசமா பீடி குடிச்சதால வந்ததாம்."

சைனம்பு சிரித்துவிட்டாள். பதினெட்டு நாளாக அழுதுகொண்டிருந்த அம்மா சிரித்ததைப் பார்த்து மஹ்ஜபீன் பயந்துபோனாள்.

மஸ்தானுக்குப் பீடி நாற்றமே ஆகாது. பஸ்ஸில் எவனாவது பற்றவைத்தால் கரையான்சாவடியிலேயே இறங்கி மீதி தூரத்தை நடந்தே வந்துவிடுவான். அவ்வளவு பிடிவாதம். இருபத்தோரு வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில், லாரிகளுக்குப் பிரேக் லைனிங் செய்யும் கம்பெனியில், கிரைண்டிங் மெஷின் முன்னால் நின்றவன். கல்நாரையும் பிசினையும் கலந்து அச்சில் அழுத்தி எடுத்த துண்டுகளைத் தேய்த்து வளைவு கொண்டுவரும் வேலை. தேய்க்கத் தேய்க்க மாவு மில்லில் பறப்பதுபோலப் பறக்கும். கடைசி ஒரு வருஷம் அவனால் படுத்துத் தூங்க முடியவில்லை. பீரோவில் முதுகைச் சாய்த்து, உட்கார்ந்தபடியே விடிய வைப்பான். பேசினால் மூச்சு வாங்கும் என்று, தண்ணீர் வேண்டுமென்றால் விரலால் தரையைத் தட்டுவான்.

கடிதத்தின் அடியில் 'தமிழரசு, ஆலை மேலாளர்' என்று பெயர் இருந்தது.

இத்தா முடிந்த மறுநாளே சைனம்பு கம்பெனிக்குப் போனாள். தமிழரசு மரியாதையாகத்தான் உட்காரவைத்தான். டீ வரவழைத்தான்.

"சார், எங்க ஊட்டுக்காரரு பீடியைக் கையாலகூடத் தொட்டதில்ல சார். யாரை வேணா கேட்டுப் பாருங்க."

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னான்: "பீடி குடிக்கிறவன் எவன்மா பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டுக் குடிக்கிறான்?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். பெரிய சிரிப்புகூட இல்லை. பக்கத்தில் நின்ற கிளார்க்கும் சிரித்தான். சைனம்பு டீயைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டாள். இருபத்து நாலு வருஷம் கூடப் படுத்து எழுந்த மனுஷனைத் தனக்குத் தெரியாது என்று ஒருவன் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டான். அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வந்து சேரும்வரை அவள் ஷேர் ஆட்டோவின் கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை. இறங்கும்போது உள்ளங்கையில் துரு ஒட்டியிருந்தது.

எட்டு மாதம் கழித்து, அதே கம்பெனியில் அவள் பெருக்குகிற வேலைக்குச் சேர்ந்தாள். கான்டிராக்டருக்கு ஆள் கிடைத்தால் போதும். ஆதார் அட்டையின் நகலை வாங்கி ஃபைலில் போட்டான், புருஷன் பேரைப் படிக்கவில்லை. ஆரஞ்சுக் கோட்டும் தலையில் துணியும் வாயில் துப்பட்டாவுமாக அவள் தமிழரசின் எதிரிலேயே தினமும் நடந்தாள். அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. பெருக்குகிறவர்களின் முகத்தைப் பார்க்கும் பழக்கம் அவனுக்குக் கிடையாது.

என்ன செய்யப்போகிறோம் என்று சேரும்போது அவளுக்கே தெரியாது. ஏதாவது செய்யவேண்டும். அவ்வளவுதான். காலையில் அவன் அறையைச் சுத்தம் செய்வது அவள் வேலை. ஒருநாள் கிரைண்டிங் மெஷினுக்கு அடியிலிருந்து ஒரு பிடி தூசியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்து, ஸ்டூல்மேல் ஏறி, அவன் ஏசியின் வாய்க்கு நேராகப் பிடித்தாள். தூவிவிட்டிருப்பாள். அப்போது ஒரு கணக்கு மனசில் ஓடியது. மஸ்தானுக்கு நோய் தெரிய இருபது வருஷம் ஆயிற்று. இவன் ரிட்டையர் ஆகி, பேரன் பேத்தி எடுத்து, எல்லாம் அனுபவித்து முடித்த பிறகுதான் இருமவே ஆரம்பிப்பான். அதுவரைக்கும் காத்திருக்க அவளால் ஆகாது. காகிதத்தை மடித்துக் கீழே இறங்கினாள்.

அதற்குப் பிறகு அவள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டாள். கூடப் பெருக்குகிற ராஜம்மா மேனாம்பேட்டுக்காரி, பன்னிரண்டு வருஷமாக அங்கேயே இருப்பவள். அவளிடம் பேச்சுக் கொடுத்துக் கொடுத்து ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டாள். வருஷத்துக்கு இரண்டு தடவை, காற்றில் எவ்வளவு தூசி இருக்கிறது என்று அளக்க ஒரு தனியார் ஆள் வருவான். கம்பெனியே வரவழைக்கிற ஆள்.

"அவன் வர்றதுக்கு மொத நாளே தண்ணி ஊத்திக் கழுவச் சொல்லுவாங்க. பாதி மெஷினு ஓடாது. அளக்குற டப்பாவைக் கொண்டுபோய் ஸ்டோர்ல குந்திகினு இருக்கிற ஆளு மேல மாட்டுவாங்க," என்றாள் ராஜம்மா. "அவரு எங்க தூசியத் துன்னாரு? காலைல இட்லி துன்னுட்டு வந்து குந்துவாரு."

கிரைண்டிங் பிரிவின் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. எந்த மெஷினில் எத்தனை துண்டு என்று ஷிப்ட் முடிவில் சாக்பீஸால் எழுதுவார்கள். மறுநாள் காலையில் அதைத் துடைப்பது சைனம்புதான். அன்றிலிருந்து துடைப்பதற்கு முன்னால் எண்களை மனசில் வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து தினக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதிவைத்தாள். எதற்கு ஆகும் என்று தெரியாது. எதிரியைப் பற்றி எது கிடைத்தாலும் சேர்த்துவைப்பது என்று வைத்துக்கொண்டாள். இரண்டு வருஷத்தில் ஒரு பிஸ்கட் டின் நிறைந்தது.

மூன்றாம் வருஷம் கிருஷ்ணப்பிரியா வந்தாள். ஒரு மருத்துவக் கல்லூரியில் தொழிலாளர் உடல்நலத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள், முப்பத்தைந்து வயதிருக்கும். வெளிநாட்டில் லைனிங் வாங்குகிறவர்கள் கேட்டார்கள் என்று முதலாளி அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். மூன்று மாதத்தில் எந்த நாளும் வந்து அளக்கலாம் என்று அதில் இருந்தது. தமிழரசுக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் முதலாளி பேச்சைத் தட்ட முடியாது.

அவள் ஆட்களைக் கூட்டிவைத்து விளக்கினாள். இடுப்பில் ஒரு சின்ன பம்ப். அதிலிருந்து ஒரு குழாய் முதுகு வழியாக ஏறி சட்டைக் காலர்வரை வரும். அதன் நுனியில் ஒரு வட்ட டப்பா, உள்ளே வடிகட்டித் தாள். "நீங்க மூச்சு விடுற இடத்துல இருக்கிற காத்தை இது இழுக்கும். அந்தத் தாளை மைக்ராஸ்கோப்புல வச்சு, எத்தனை நார் இருக்குன்னு ஒண்ணு ஒண்ணா எண்ணுவோம்."

கடைசி வரிசையிலிருந்து சைனம்பு கேட்டாள்: "பெருக்குறவங்களுக்கு இல்லியா மேடம்?"

தமிழரசு திரும்பினான். "அவங்க கான்டிராக்ட் ஆளுங்க. அவங்க நம்ம லிஸ்ட்லயே இல்லை, டாக்டர்."

"காத்துக்கு அது தெரியுமா சார்?" என்றாள் கிருஷ்ணப்பிரியா. பட்டியலில் சைனம்புவின் பெயரை எழுதிக்கொண்டாள்.

அளவெடுத்த முதல் நாள் பம்ப் சைனம்புவின் இடுப்பில் ஏறியது. இரண்டரை வருஷம் காத்திருந்து ஆயுதம் கைக்கு வந்துவிட்டது. பதினோரு மணிவாக்கில், தூசி சேரும் டிரம்முக்குப் பின்னால் ஒதுங்கினாள். கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளி, காலரிலிருந்த டப்பாவின் வாயில் தேய்த்தாள். இன்னொரு பிடி. எண்ணட்டும். எண்ணி மாளாமல் போகட்டும். ஊரே திரண்டு வந்து தமிழரசின் சட்டையைப் பிடிக்கட்டும்.

பத்து நாள் கழித்து கிருஷ்ணப்பிரியா அவளைக் கல்லூரிக்கு வரச் சொன்னாள். மைக்ராஸ்கோப்பில் ஒரு தாளை வைத்துப் பார்க்கச் சொன்னாள். சைனம்பு குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். சாம்பல் குழம்பைக் கொட்டியதுபோல இருந்தது.

"இது உங்களுது. இதை எண்ண முடியாது. மேல மேல அப்பிக் கிடக்கு. இப்படி வந்தா எங்க வேலைல தூக்கித்தான் போடணும்." பிறகு இன்னொன்றை வைத்தாள். "இது கிரைண்டிங்ல இருக்கிற தேவாவோடது."

வெளிச்சமான வட்டத்துக்குள் மெல்லிய ஊசிகள். சில நேராக, சில முடிபோல வளைந்து. சைனம்பு நிமிரவேயில்லை.

"இதுதானா?" என்றாள். "இம்மாத்தூண்டு கீது. இதா எங்க ஊட்டுக்காரரைத் தின்னுச்சு?"

அப்போதுதான் அவள் யாரென்று கிருஷ்ணப்பிரியாவுக்குத் தெரிந்தது. எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள். பேசியபோது குரல் இளகவில்லை.

"உங்க கோபம் எனக்குப் புரியுது. ஆனா நீங்க அந்த மேனேஜருக்குத்தான் உதவி பண்ணியிருக்கீங்க. இந்த ஒரு தாளை நான் கணக்குல சேத்திருந்தா, மொத்த ஆராய்ச்சியும் பொய்னு அவர் ஒரே நாள்ல சொல்லிடுவார். மத்தவங்க அளவும் சேந்து போயிருக்கும். என்ன நடந்ததுன்னு எழுதி வச்சிட்டேன். இனிமே உங்களுக்கு பம்ப் கிடையாது."

சைனம்பு தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"டாக்டரம்மா, நான் பண்ணது தப்பு. ஆனா நீங்க அளந்ததும் பொய்தான்."

மறுநாள் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து மேஜையில் கொட்டினாள். இருவரும் தரையில் உட்கார்ந்து தாள்களைத் தேதிவாரியாக அடுக்கினார்கள். சாதாரண நாளில் ஆறு மெஷினிலும் சேர்ந்து இரண்டாயிரத்துச் சொச்சம் துண்டுகள். தனியார் ஆள் வந்து அளந்த நாட்களில் எண்ணூறு, எழுநூற்று ஐம்பது. கிருஷ்ணப்பிரியா தான் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போய் அளந்த நான்கு நாட்களையும் எடுத்துப் பார்த்தாள். தொள்ளாயிரத்தைத் தாண்டவில்லை.

"என்னையும் ஏமாத்தியிருக்கான்," என்றாள். அதுவரை 'அவர்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கம்பெனியின் உற்பத்திப் பதிவேட்டைப் பார்க்க அனுமதிக் கடிதத்தில் இடமிருந்தது. கேட்டு வாங்கி ஒத்துப் பார்த்தாள். காலண்டர் தாளில் இருந்த எண் எதுவும் தவறவில்லை.

அதன்பிறகு கிருஷ்ணப்பிரியா சொல்லாமல் கொள்ளாமல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு கேட்டில் வந்து நின்றாள். தமிழரசு வந்து சேர்வதற்குள் முப்பத்து நாலு பேர் இடுப்பில் பம்ப் ஏறிவிட்டது. பெருக்குகிறவர்களில் இந்தத் தடவை ராஜம்மாவுக்கு. சைனம்பு தூரத்திலேயே நின்றாள். கையைக் கட்டிக்கொண்டாள். இன்று அந்தக் கை எதையும் தொடக்கூடாது என்று அவளே விதித்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவள் வாழ்க்கையில் செய்ததிலேயே கஷ்டமான வேலை.

தமிழரசு நேராக ராஜம்மாவிடம் வந்தான். "தண்ணி தெளிச்சுப் பெருக்கும்மா."

ராஜம்மா இத்தனை வருஷத்தில் அவனிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. துடைப்பத்தை நிறுத்தி நிமிர்ந்தாள்.

"தெனமும் எப்புடிப் பெருக்குவனோ அப்புடித்தான சார் பெருக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்க? தண்ணி ஊத்துனா கட்டிப் புடிச்சிகினு மெஷினு அடைக்கும்னு நீங்கதான சார் ஊத்தாதன்னீங்க?"

முப்பது பேர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கிருஷ்ணப்பிரியாவும் பார்த்தாள். அவன் போய்விட்டான். ராஜம்மா காய்ந்த தரையைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்கினாள். ஜன்னல் வெயிலில் தூசி எழுந்து நின்றது.

அளவு வந்தபோது, சட்டம் அனுமதித்ததைப்போல தேவாவுக்குப் பத்தொன்பது மடங்கு. ராஜம்மாவுக்கு முப்பத்திரண்டு. மெஷின் முன்னால் நிற்பவனைவிட அதன் அடியில் பெருக்குகிறவள் அதிகமாகத் தின்றிருக்கிறாள்.

"பேப்பர்ல எப்போ வரும்?" என்று சைனம்பு கேட்டாள்.

கிருஷ்ணப்பிரியா தயங்கினாள். "ஆய்வுக் கட்டுரைல கம்பெனி பேர் வராதும்மா. ஆட்கள் பேரும் வராது. அந்த உறுதி குடுத்துத்தான் உள்ள போனேன்."

"தமிழரசு பேரு?"

"வராது."

"அப்போ இன்னாத்துக்கு அளந்தீங்க?" சைனம்பு எழுந்து நின்றுவிட்டாள். "செத்தவன் பேரை மட்டும் போட்டு, பீடி குடிச்சான்னு லெட்டர் எழுதலாம். கொன்னவன் பேரை எழுதக்கூடாதா?"

"உக்காருங்க. ஒவ்வொருத்தர் அளவையும் அவங்கவங்க கைல எழுதிக் குடுக்கணும், அதுவும் விதிதான். அந்தத் தாள்ல கம்பெனி பேர் இருக்கும், தேதி இருக்கும், என் கையெழுத்து இருக்கும். குடுத்துட்டா அது அவங்க தாள். அதை வச்சு என்ன செய்றாங்கன்னு கேக்குற உரிமை எனக்கு இல்ல."

சைனம்பு மெல்ல உட்கார்ந்தாள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை அவளும் ராஜம்மாவும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். மேனாம்பேடு, ஆவடி, மாங்காடு, நசரத்பேட்டை. சிலர் கதவைத் திறக்கவில்லை. தேவாவின் மனைவி தாளைக் கொடுக்க மறுத்து, பிறகு பஸ் ஸ்டாப்வரை ஓடிவந்து கொடுத்தாள். இருபத்தாறு தாள்கள் சேர்ந்தன. நகல் எடுத்து, மஸ்தானின் எக்ஸ்ரேயையும் கம்பெனிக் கடிதத்தையும் மேலே வைத்து, தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் ஒன்றும் இ.எஸ்.ஐ. மருத்துவக் குழுவுக்கு ஒன்றுமாகக் கொடுத்தாள். ஒரு மாதத்தில் கிரைண்டிங் பிரிவை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. விசாரணை வைத்தார்கள். முதலாளி, எனக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் மேலாளர் பார்த்துக்கொண்டது என்று ஒதுங்கிக்கொண்டார்.

விசாரணைக்கு நான்கு நாள் முன்பு தமிழரசு அவள் வீட்டைத் தேடி வந்தான். சந்துக்குள் கார் நுழையாது. நடந்து வந்ததில் வேர்த்திருந்தது. சைனம்பு நாற்காலியைப் போட்டாள். அவன் முதலில் மிரட்டித்தான் பார்த்தான்.

"மொத நாள் நீ டப்பால தூசியை அள்ளிப் பூசினதை ஒருத்தன் பாத்திருக்கான். அதை நான் சொன்னா உங்க கேஸே நிக்காது."

"ஆமா சார், பூசினேன். அதை டாக்டரம்மா தூக்கிப் போட்டுட்டாங்க. போட்டேன்னு எழுதியும் வச்சிருக்காங்க. போய்க் கேளுங்க."

அவன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். குரல் மாறியது. "எல்லாத்தையும் என் தலைல கட்டுறாங்கம்மா. நான் சொன்னதைச் செய்ற ஆளு. எனக்கும் ரெண்டு பொண்ணு. மேல இருந்து வந்த உத்தரவுன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா போதும். உன் பொண்ணுக்கு நல்ல இடத்துல வேலைக்கு நான் பொறுப்பு."

"பீடி குடிக்கிறவன் எவன் பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டுக் குடிக்கிறான்னு கேட்டீங்களே சார், ஞாபகம் கீதா?"

அவன் நிஜமாகவே யோசித்தான். "நானா? எப்ப?"

அவனுக்கு நினைவில்லை. மூன்று வருஷமாக அவளோடு தூங்கி எழுந்த வார்த்தை அவனிடம் ஒரு நாள்கூடத் தங்கவில்லை. சைனம்புவின் உள்ளே அதுவரை எங்கோ ஒரு மூலையில் இரக்கம் என்று ஏதாவது இருந்திருந்தால் அது அந்த நொடியில் போயிற்று. அவள் அமைதியாக ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்து வந்தாள்.

"மஸ்தான் பீடி குடிக்கல, விசாரிக்காமயே நான் அப்புடி எழுதினேன்னு உங்க கையால எழுதுங்க. எழுதினா பேசலாம்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். முதல் தடவையாகப் பார்த்தான் என்று சொல்லவேண்டும். ஏழு வரி எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டான். சைனம்பு தாளை மகளிடம் கொடுத்தாள். மஹ்ஜபீன் உரக்கப் படித்தாள். ஒரு சொல் விடாமல் கேட்டுவிட்டு சைனம்பு கேட்டாள்: "டீ குடிக்கிறீங்களா சார்?"

"வேணாம்மா. அப்ப விசாரணைல என்னைப் பத்தி..."

"உள்ளதைச் சொல்லுவேன்."

"பேசலாம்னு சொன்னியே!"

"பேசலாம்னுதான் சொன்னேன். பேசிட்டோமே. எந்திரிங்க, ஊட்டைப் பெருக்கணும்."

அவன் சந்தில் இறங்கி நடந்தபோது இரண்டு தரம் திரும்பிப் பார்த்தான். சைனம்பு வாசலில் நின்று, அவன் முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். மஹ்ஜபீன் மட்டும், "ஏமாத்தின மாதிரி ஆயிடுச்சேம்மா," என்றாள். "ஆமாடி," என்றாள் சைனம்பு. அதற்குமேல் அவள் சமாதானம் தேடவில்லை.

அந்தத் தாள் விசாரணையில் எல்லாவற்றுக்கும் மேலே போயிற்று. மருத்துவக் குழு மஸ்தானின் சாவைக் கல்நார்த் தூசியால் வந்த சாவென்று எழுதியது. தமிழரசை முதலாளி வேலையைவிட்டு அனுப்பினார். அவன்மேலும் முதலாளிமேலும் வழக்குப் பதிவாகி இப்போது கோர்ட்டில் நடக்கிறது. வாய்தா நாட்களில் சைனம்பு முன்வரிசை பெஞ்சில் போய் உட்காருவாள். அவள் வரவேண்டிய அவசியமில்லை என்று வக்கீல் சொல்லிவிட்டார். இருந்தாலும் போவாள். தமிழரசு எங்கே திரும்பினாலும் அவன் கண்ணில் தான் படுகிற இடமாகப் பார்த்து உட்காருவாள்.

மழைக்காலத்தில் அவளுக்கு இருமல் நிற்கவில்லை. கிருஷ்ணப்பிரியா எக்ஸ்ரே எடுக்கவைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "உங்க வீட்டுக்காரர் யூனிஃபார்மை யாரும்மா துவைப்பாங்க?"

"நான்தான். தூசியை உதறிட்டு ஊறவைப்பேன்."

நுரையீரலின் உறை தடித்திருந்தது. இரண்டு பக்கமும். கிருஷ்ணப்பிரியா விளக்கிச் சொல்ல ஆரம்பித்தாள். சைனம்பு கையமர்த்தினாள்.

"வக்கீலு இன்னும் ரெண்டு, மூணு வருசம் இழுக்கும்னாரு. அதுவரைக்கும் தாங்குமா டாக்டரம்மா?"

"அதெல்லாம் தாங்கும். அதுக்கு மேலயும் இருப்பீங்க."

"மேல வேணாம்," என்றாள் சைனம்பு. "தீர்ப்பு சொல்ற அன்னிக்கு அவன் மூஞ்சியைப் பாக்கணும். அதுக்கு மூச்சு இருந்தா போதும்."

எக்ஸ்ரேயை உறையில் போட்டு வாங்கிக்கொண்டு, அடுத்த வாய்தா வியாழக்கிழமை என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.